300 எஸ்எல் கல்விங்கை 1/24 அளவில் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1954 பிப்ரவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில், மேலே திறக்கும் கதவுகளால் ‘கல்விங்’ (கடற்பறவைச் சிறகு) என்று அழைக்கப்படும் மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்எல் முதன்முதலாக மேடை ஏறியது. 1957 வரை 1,400 கூப்பே (நிலையான கூரையுள்ள) கார்கள் மட்டுமே தயாராயின. நிஜக் காரை வாங்க முடியாதவர்களுக்கு ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியாவின் 1/24 கிட் இருக்கிறது: நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு அளவில், நாமே பாகங்களை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் மாடல். கிட்டைத் திறந்ததும் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. பெரும்பாலானவை மற்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிட்களுக்கும் பொருந்தும்.

முதல் கிட்டாக இதை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பரிந்துரைக்க மாட்டோம். இன்ஜின், குழாய்ச் சட்டம், மேலே திறக்கும் கதவு என வேலை அதிகம். இன்ஜின் இல்லாத, பானட் ஒட்டியே வரும் ஒரு கிட்டை முதலில் முடியுங்கள். அதில் பெயின்ட் அடிக்கவும் பாலிஷ் போடவும் கை பழகிவிட்டால் இது பயமுறுத்தாது. வார இறுதிகளில் மட்டும் உட்கார்ந்தால் ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதில் பாதி, பெயின்ட் காயக் காத்திருக்கும் நேரம்.

என்னென்ன கருவி கட்டாயம் வேண்டும்?

ஒரு பக்கம் தட்டையான முனை உள்ள சைடு கட்டர், கூர்முனைக் கத்தி, கவ்வுமுள், 400 முதல் 3000 வரை தண்ணீர் எமரி, மாஸ்கிங் டேப் (6 மி.மீ., 10 மி.மீ. இரண்டும்), மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட், பாகங்களைக் கவ்வ ஒரு டஜன் துணிக் கிளிப். பெயின்டுக்கு ஸ்ப்ரே கேன் போதும், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் சிறு கருவி) இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று நினைவில் வையுங்கள்: ஸ்ப்ரே கேன்கள் விமானத்தில் சுலபமாக வராது, அபாயப் பொருள் கணக்கில் சேரும். அதனால் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் பலரும் பாட்டில் பெயின்ட் வாங்கி ஏர்பிரஷ்ஷுக்குப் போய்விடுகிறார்கள்.

நகவெட்டியால் பாகங்களை வெட்டாதீர்கள். அதன் வளைந்த வாய் பிளாஸ்டிக்கை நசுக்கும், நசுங்கிய இடம் வெளுத்துத் தெரியும். வெள்ளிப் பெயின்டுக்கு அடியிலிருந்துகூட அது எட்டிப் பார்க்கும்.

பாகத்தை வெட்டும்போது பள்ளம் விழுகிறதே?

ஒரே வெட்டில் ஒட்டிப் பிடித்து வெட்டுவதால். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி. பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம் விலகிய பிறகு மிச்சமிருக்கும் துருத்தலை இரண்டாவது வெட்டில் அரை மி.மீ. விட்டு எடுங்கள், மீதியை 600 எமரியில் தேயுங்கள். காரின் குழாய்ச் சட்டத்தின் மெல்லிய கம்பிகளில் கட்டரின் அழுத்தமே கம்பியை ஒடித்துவிடும். அங்கே கட்டர் வேண்டாம், மெல்லிய ரம்பத்தால் அறுங்கள்.

கதவும் பானட்டும் பெயின்டுக்குப் பிறகு பொருந்தாமல் போகுமா?

போகும். இந்தக் காரில் அதிகம் நடக்கும் தவறே இதுதான். நிஜக் காரில் சட்டத்தின் குழாய்கள் பக்கவாட்டில் உயரமாக ஓடுகின்றன. சாதாரணக் கதவு வைக்க இடம் இல்லாததால்தான் கீலைக் கூரைக்குக் கொண்டுபோனார்கள். அதனால் கதவின் விளிம்பு பாதி பக்கச் சுவரிலும் பாதி கூரையிலும் வளைந்து போகிறது. கோணத்தில் சின்னப் பிசகு வந்தாலும் கூரையில் படி மாதிரித் தெரியும்.

பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமில்லாத மேற்பூச்சு) மூன்றும் சேர்ந்து ஒரு பரப்பில் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிப்பு ஏறும். கதவின் ஓரத்தில் ஒன்று, உடலின் ஓரத்தில் ஒன்று, ஆக இடைவெளியில் 0.2 மி.மீ. காலி. சோதிக்க எளிய வழி: சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. அதில் ஒரு விரல் அகலத் துண்டை இரண்டாக மடித்து, கதவை அதன் இடத்தில் வைத்து, இடைவெளி முழுக்க ஓட்டிப் பாருங்கள். சுற்றிலும் தடையில்லாமல் ஓடினால் பெயின்டுக்கு இடம் இருக்கிறது. எங்கே சிக்குகிறதோ அங்கே கதவின் விளிம்பை மட்டும் 800 எமரியில் நாலு தேய் தேய்த்து மறுபடி சோதியுங்கள். உடலின் விளிம்பைத் தேய்க்க வேண்டாம். கதவு கெட்டால் கதவோடு போகும், உடல் கெட்டால் சரிசெய்வது பெரும்பாடு.

பேனல் கோடுகளை (உடலின் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகளை) ஆழப்படுத்த வேண்டுமா?

ஆமாம், பிரைமருக்கு முன்பே. கத்தியின் முதுகுப் பக்கத்தால் கோட்டிலேயே நாலைந்து தடவை மென்மையாக இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் ஆழம் பார்த்தால் கத்தி வழுக்கிப் பானட்டின் நடுவே கீறிவிடும். அப்படிக் கீறினால் பட்டி பார்த்து, ஒரு நாள் காயவிட்டு, 600-இல் தொடங்கித் தேயுங்கள்.

பிரைமருக்கு முன் கழுவத்தான் வேண்டுமா?

பாத்திரம் கழுவும் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், பழைய பல்துலக்கும் பிரஷ். அச்சிலிருந்து வந்த எண்ணெயும் உங்கள் விரல் எண்ணெயும் போய்விடும். இதைத் தவிர்த்தவர்களுக்கு மாஸ்கிங் டேப்பைப் பிரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து கழன்று வரும்.

சரியான வெள்ளி நிறம் எது?

இந்தக் காரின் அடையாள நிறம் டிபி 180 என்ற வெள்ளிச் சாம்பல். அலுமினிய மினுமினுப்பு இல்லை, சற்று அடங்கிய சாம்பல் சாயல். கடைப் பெயின்டில் ‘சில்வர்’ என்று இருப்பதை அப்படியே அடித்தால் பொம்மை மாதிரி இருக்கும். 1/24-இல் மினுமினுப்புத் துகளும் 24 மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்பது அதற்குக் காரணம். துகள் மிக நுண்மையான வெள்ளியை எடுத்து, 10 பங்குக்கு ஒரு பங்கு நடுச் சாம்பல் கலந்து, ஒரு பிளாஸ்டிக் கரண்டியின் முதுகில் அடித்துப் பாருங்கள். கரண்டியின் வளைவு காரின் வளைவு மாதிரியே வெளிச்சம் வாங்கும். தட்டை அட்டையில் சோதித்தால் ஏமாந்து போவீர்கள்.

வேறு நிறம் வேண்டுமென்றால் சிவப்பு, கறுப்பு, நீலம், வெள்ளை எல்லாமே அந்தக் காலத்துக்குப் பொருந்தும். சிவப்புக்குச் சாம்பல் பிரைமர் வேண்டாம், நிறம் செத்துவிடும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு அடிப்படை போடுங்கள்.

மெட்டாலிக் பெயின்டில் கதவு ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக வருகிறதே?

துகள்கள் படுத்த திசை மாறியதால். கதவைத் தட்டில் படுக்க வைத்தும் உடலை நிமிர்த்தி வைத்தும் அடித்தால், ஒரே பாட்டில் பெயின்டுதான் என்றாலும் வெளிச்சத்தில் இரண்டு நிறம். கதவு, பானட், டிக்கி மூடி மூன்றையும் உள்பக்கம் டேப் ஒட்டி அதனதன் இடத்தில் நிறுத்தி, ஒரே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து அடியுங்கள். ஓரங்களுக்குப் பெயின்ட் ஏற, அதற்கு முன்பு அவற்றைத் தனியாக ஒரு மெல்லிய சுற்று அடித்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சுற்று எப்போதும் தூரத்திலிருந்து, ஈரம் படாமல், மூடுபனி மாதிரி விழ வேண்டும். ஈரமாக விழுந்தால் துகள்கள் நீந்திப் போய் ஓரிடத்தில் கூடும், மேகத் திட்டுகள் வரும்.

எந்த அழுத்தம், எந்த அளவு நீர்ப்பு?

லேக்கர் பெயின்ட் என்றால் 0.3 மி.மீ. நாசில், 18 முதல் 20 பி.எஸ்.ஐ., பெயின்ட் ஒரு பங்குக்குத் தின்னர் ஒன்றரைப் பங்கு. கோப்பையின் பக்கச் சுவரில் வழிந்து பால் மாதிரி இறங்க வேண்டும். 10 மி.லி. பாட்டில் ஒன்று, ஒரு உடலுக்கு நாலு மெல்லிய சுற்றுக்குத் தாராளம். ஸ்ப்ரே கேன் என்றால் 15 முதல் 20 செ.மீ. தூரம். அடிக்கும் முன் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, துளி நுண்மையாகும். கொதிநீரிலோ அடுப்புப் பக்கத்திலோ வைப்பது வெடிகுண்டு செய்வது.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை: துணி முகமூடியும் என்-95-உம் தூசியை நிறுத்தும், தின்னர் ஆவியை நிறுத்தாது. கரிம ஆவிக்கான கரித் தோட்டா வைத்த முகமூடி வேண்டும்.

பெயின்ட் பால் மாதிரி வெளுத்துப் போனது ஏன்?

ஈரக் காற்று. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனி மாதிரி படிகிறது. கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இது கட்டாயம் நடக்கும். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் கிளியர் அடிக்காதீர்கள். அடித்தே தீர வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து, ஏசி ஓடும் அறையாகப் பாருங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டால் பதறாதீர்கள்: வறண்ட நாளில், மெதுவான தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கிளியர் அடித்ததும் டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) சுருங்கிவிட்டது.

முதல் சுற்றே ஈரமாக விழுந்திருக்கிறது. டாமியா டிஎஸ்-13 மாதிரி லேக்கர் கிளியர் டிகாலைக் கரைக்கும். முதல் மூன்று சுற்றும் வறண்ட தூவல், ஒவ்வொன்றுக்கும் நடுவே பதினைந்து நிமிடம். அவை கேடயமாக நின்ற பிறகுதான் ஈரச் சுற்று. டிகால் ஒட்டி முழு ஒரு நாள் காய்ந்திருக்கவும் வேண்டும், அடியில் தண்ணீர் சிக்கியிருந்தால் கொப்புளம் வரும்.

எத்தனை நாள் காயவிட்டுப் பாலிஷ் போடலாம்?

மூக்கைக் கேளுங்கள். உடலை மூக்குக்கு அருகே கொண்டுபோனால் தின்னர் வாசம் வருகிறதா? வந்தால் இன்னும் காயவில்லை. சாதாரணமாக ஒரு வாரம். மொட்டை மாடி வெயிலிலோ, நிறுத்திய கார் உள்ளேயோ வைத்தால் கூரை தொய்ந்துவிடும்.

பிறகு 2000, 3000 எமரியைத் தண்ணீரில் நனைத்து ஆரஞ்சுத்தோல் சொரசொரப்பை எடுத்து, காம்பவுண்டில் (பாலிஷ் பசையில்) கரடு, நடு, நுண்மை என மூன்று படி. இந்தக் காரில் ஆபத்தான இடம் சக்கர வளைவுகளின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புருவங்கள். கூர்மையான முகடு என்பதால் கிளியர் அங்கே மெல்லியதாகத்தான் நிற்கும். எமரி இரண்டு தடவை பட்டதும் கிளியர் போய், அடுத்த தடவையில் வெள்ளி, அதற்கடுத்துப் பிரைமரே சிரிக்கும். மெட்டாலிக்கில் ஓரிடத்தை மட்டும் தொட்டுத் திருத்தவும் முடியாது, முழுப் பக்கத்தையும் மறுபடி அடிக்க வேண்டும். பாலிஷுக்கு முன் நாலு புருவங்களின் முகட்டிலும், பானட்டின் இரண்டு மேடுகளின் முதுகிலும் 2 மி.மீ. டேப் ஒட்டிவிடுங்கள். சுற்றியுள்ளதை முடித்து, டேப்பை எடுத்த பிறகு, முகட்டுக்கு நுண் காம்பவுண்டும் துணியும் மட்டும்.

முழுவதும் கெட்டுவிட்டது. பெயின்டை எடுத்துவிடலாமா?

99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, நாலு மணி நேரத்துக்குப் பிறகு பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். நிறம் கழன்றாலும் சில பிரைமர்கள் அடம் பிடிக்கும். பிரைமர் வழவழப்பாக இருந்தால் அதை விட்டுவிட்டு மேலே அடிக்கலாம். நாள்கணக்கில் ஊறவைத்தால் பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகி, கண்ணாடியைத் தாங்கும் மெல்லிய தூண்கள் ஒடியும்.

குரோம் பாகங்கள் அசிங்கமாகத் தெரிகின்றனவே?

கிட் குரோம் தடிப்பாகவும் மிகப் பளிச்சென்றும் இருக்கும், வெட்டிய வடுவும் தெரியும். வீட்டு பிளீச்சில் போட்டால் அரை மணியிலிருந்து ஓர் இரவுக்குள் கழன்றுவிடும். கழிவறை ஆசிட் எதையும் அதோடு கலக்காதீர்கள், விஷவாயு வரும். குரோம் போனதும் அடியில் இருக்கும் வார்னிஷ் மிஞ்சும், அதற்கு ஆல்கஹால். பிறகு வடுவைத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூவலாகக் குரோம் பெயின்ட். கறுப்பில் ஒரு தூசி இருந்தால் குரோமில் பத்தாகத் தெரியும். ஜன்னல் ஓரப் பட்டைகளுக்கு ஒட்டும் உலோகத் தாளே சிறந்தது: பெரிதாக வெட்டி ஒட்டி, பல்குத்தும் குச்சியால் அழுத்தி, புதுக் கத்தி முனையால் ஓரத்தில் அறுத்து எடுங்கள்.

இன்ஜினில் என்ன சேர்க்கலாம்?

3 லிட்டர், ஆறு சிலிண்டர், பாஷ் நிறுவனத்தின் பம்ப் வழியே சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின். தாழ்ந்த பானட்டுக்குள் அடங்க அதை 50 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதனால் மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஒரு பக்கத்தை அடைத்து நிற்கும் நீண்ட காற்றுக் குழாய்கள்தான். அங்கே வேலையைச் செலவிடுங்கள்.

நிஜமான ஸ்பார்க் பிளக் வயர் 7 மி.மீ. தடிப்பு. 24-ஆல் வகுத்தால் 0.3 மி.மீ. கைக்குக் கிடைத்த 0.5 மி.மீ. வயரைப் போடுபவர்கள்தான் அதிகம். நிஜக் காரில் அது 12 மி.மீ. ரப்பர் குழாய்க்குச் சமம், உடனே கண்ணை உறுத்தும். 0.3 மி.மீ. துளையிட்டு, ஆறு வயர்களையும் ஒரே நீளத்தில் வெட்டாமல், தூர சிலிண்டருக்கு நீளமாக, பக்கத்துக்குக் குட்டையாக வெட்டுங்கள். பெட்ரோல் குழாய்கள் ஆறுக்கும் 0.25 மி.மீ. செம்புக் கம்பி, வளைத்ததும் அப்படியே நிற்கும்.

உள்ளே சீட்டுக்கு என்ன செய்யலாம்?

தோல் சீட் கூடுதல் விருப்பமாகத்தான் கிடைத்தது. வழக்கமாக வந்தது கட்டம் போட்ட துணி. அந்தக் கட்டம்தான் இந்தக் காரின் அழகு, மாடல்களில் அபூர்வமாகத்தான் பார்க்க முடிகிறது. படத்தில் கட்டத்தின் அகலத்தை அளந்து 24-ஆல் வகுத்து, வெள்ளை அடித்தளமுள்ள டிகால் தாளில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் என்றால் தண்ணீரில் போடும் முன் இரண்டு சுற்றுக் கிளியர் கட்டாயம், இல்லையேல் மை ஓடிவிடும். ஒரே துண்டாக ஒட்டப் பார்க்காதீர்கள்: முதுகு, உட்காரும் பகுதி, ஓரப் பட்டை என மூன்றாக வெட்டி, டிகால் மிருதுவாக்கி தடவி ஒட்டுங்கள். கடைசியில் மங்கல் கிளியர். துணி பளபளக்காது.

தாழ்த்தி, சக்கரம் மாற்றலாமா?

1/24-இல் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 24 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் இறக்கினாலே தோரணை மாறிவிடும். அதற்கு மேல் போனால் டயர் வளைவில் முட்டும். பின்பக்கத்தில் ஒரு நுணுக்கம்: இந்தக் காரின் பின்னச்சு ஊஞ்சல் அச்சு வகை. உடல் இறங்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாயும். பின்பக்கத்தைத் தாழ்த்தி, சக்கரத்தைச் செங்குத்தாகவே விட்டால், கார் தெரிந்தவர் கண்ணுக்குப் பொய் தெரிந்துவிடும். அச்சு ஒரே கம்பியாக வந்தால் நடுவில் வெட்டி, இரண்டு குட்டைக் கம்பிகளாக 2 டிகிரி சாய்த்து ஒட்டுங்கள். ஒட்டும்போது ஒரு கண்ணாடித் துண்டின்மேல் நிறுத்தி, நாலு டயரும் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

நிஜச் சக்கரம் 15 அங்குலம், அதாவது 1/24-இல் 16 மி.மீ. 20 மி.மீ. ரிம் வாங்கி மாட்டினால் அது இன்றைய எஸ்யூவி. அந்தக் காலத்திலேயே நடுவில் ஒற்றை மரையால் இறுகும் ரட்ஜ் சக்கரங்கள் விருப்பமாகக் கிடைத்தன. மாற்றுவதென்றால் அவற்றையே தேடுங்கள்.

பந்தயக் காராக மாற்ற எந்தக் கார் சரி?

1955-இல் இத்தாலியின் மில்லே மிக்லியா சாலைப் பந்தயத்தில் ஜான் ஃபிட்ச் ஓட்ட, குர்ட் கெசல் உடன் சென்ற 417-ஆம் எண் கார். மொத்தத்தில் ஐந்தாவது இடம், தன் பிரிவில் முதலிடம். எண் புறப்பட்ட நேரம்: காலை 4:17. அதே பந்தயத்தை வென்ற ஸ்டர்லிங் மாஸின் 722-ஐ இந்த உடலில் ஒட்டிவிடாதீர்கள். அது 300 எஸ்எல்ஆர், எட்டு சிலிண்டர், கூரையில்லாத வேறு கார். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், அதனால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

கண்ணாடி மங்கிப் போகிறது.

சூப்பர் குளூவின் ஆவி. கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும்: பல்குத்தும் குச்சியில் ஒரு பொட்டு, ஒட்டி, பிசிறினதை ஈரப் பஞ்சால் துடைத்தால் சுவடே இருக்காது. உடலுக்குள் வேறெங்காவது சூப்பர் குளூ போட்டிருந்தாலும், ஒரு இரவு திறந்து வைத்த பிறகே கண்ணாடியைப் பொருத்துங்கள்.

ஷெல்ஃபில் வைத்த பழைய மாடலின் சக்கரம் உருகியிருக்கிறதே?

டயரின் மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய்ப் பசை மெல்ல வெளியேறி, பாலிஸ்டைரீன் ரிம்மைக் கரைக்கிறது. பழைய கிட்களில் இது சகஜம். மாட்டும் முன் ரிம்மின் பள்ளத்தில் பிளம்பர் போடும் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். டயரை மாட்டியதும் டேப் வெளியே தெரியாது.